ரட்லண்ட் நீர்க்கரையில் ஒரு பைனாகுலர் சந்தை



பறவை பார்ப்பவர்களுக்கென்றே ஒரு சந்தை கூடுகிறதென்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. 2018 ஆகஸ்டில், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் முன்பு, இங்கிலாந்தில் அதை நேரில் கண்டேன். லெஸ்டர் நகரில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்த வேளை அது.

நான் அங்கு போனதற்குக் காரணம் பறவையன்று. கீழக்கரையிலிருக்கும் என் காக்கா. மாலையானால் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு அமர்ந்து கடலையும் வள்ளங்களையும் பார்ப்பதே அவருடைய பொழுது. வலக்கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது. இடக்கண்ணுக்கும் செய்ய வேண்டுமென்று மருத்துவர் சொல்லி ஈராண்டாகியும், "ஒரு கண் போதும்" என்று தட்டிக்கழித்து வந்தார். அவர்தாம் தொலைபேசியில், "தம்பி, நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கி வா. பதினாறு மடங்காவது பெரிதாகக் காட்ட வேண்டும்" என்று பணித்திருந்தார்.

லெஸ்டரிலிருந்து ஓக்கம் என்னும் சிற்றூருக்கு ரயிலில் அரைமணி நேரம். அதையொட்டிக் கிடப்பது ரட்லண்ட் நீர்த்தேக்கம். 1970களில் குவாஷ் என்ற சிற்றாற்றை மறித்துக் கட்டிய அணையால் உண்டானது. பரப்பளவு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். அதன் மேற்குக் கரையிலுள்ள எக்ல்டனில், 1989 முதல் 2019 வரை ஆகஸ்ட் மாதத்தில் இச்சந்தை நடந்தது. பின்னர் நின்றுபோய், 2022இல் ஓக்கம் அருகே வேறொரு திடலில் புதிய பெயரோடு மீண்டும் கூடியது.

வரிசை வரிசையாகப் பெருங்கூடாரங்கள். நூல் விற்போர், பயண ஏற்பாட்டாளர், ஓவியர் எனப் பலரையும் கடந்து கண்ணாடிக் கருவிகள் இருந்த கூடாரத்தை அடைந்தேன். ஜெர்மனியின் சைஸ், லைக்கா, ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜப்பானிய நிறுவனங்கள் பல. எதையும் கையிலெடுத்து வெளியே நீரையும் நாணலையும் பார்க்கலாம், காசு கேட்பாரில்லை. நம்மூர் நகைக்கடையில் இத்தனை மாலைகளை எடுத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழுந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

முதலில் காக்காவின் ஆசைப்படியே 16 மடங்குக் கருவியைக் கேட்டேன். தூரத்துக் கம்பத்தில் சிறகு விரித்திருந்த நீர்க்காகத்தை நோக்கினால், காகம் பெரிதாகத்தான் தெரிந்தது; ஆனால் கம்பமும் காகமும் சேர்ந்து ஆடின. ஆடியது என் கை! பொருளைப் பெரிதாக்கும் கருவி கைநடுக்கத்தையும் அதே அளவில் பெரிதாக்குகிறது. என் கைக்கே இக்கதியென்றால், தேநீர்க் கோப்பையை இருகையாலும் பற்றும் காக்காவுக்கு? 12 மடங்கும் ஆடிற்று. 10 ஓரளவு நின்றது. 8 மடங்கில் காகம் அசையாமல் நின்று, தன் இறகை நான் எண்ணும்படி விட்டது.

கருவியின் மேல் 8x42 என்று பொறித்திருப்பார்கள். முன்னது எத்தனை மடங்கு என்பது. பின்னது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்: 5.25 வரும். நம் கண்ணை எட்டும் ஒளிவட்டத்தின் அகலம் அவ்வளவு மில்லிமீட்டர். நான் எடுத்துப் பார்த்த 16x32இல் அது இரண்டே மில்லிமீட்டர். நண்பகலில் குறை தெரியாது. மஃரிபை நெருங்கும் மங்கலில் காட்சி இருண்டுவிடும். இருட்டில் இளையோரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். முதியோருக்கு அவ்வளவு விரியாது. ஆகவே காக்காவின் மாலைப் பொழுதுக்கு 42 விட்டமே போதும். அதற்குமேல் பெரியது கழுத்துக்குப் பாரம்.

மூக்குக்கண்ணாடி அணிந்தவரா நீங்கள்? அப்படியானால் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். இறக்கியும் காட்சியின் ஓரங்கள் வெட்டுண்டு தெரிந்தால் அந்தக் கருவி உங்களுக்கு உதவாது. கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் தருவதே கண்ணாடியணிந்தோருக்கு ஏற்றது. நான் விரும்பிய இரண்டு கருவிகள் இச்சோதனையில்தான் தோற்றன.

விலையைச் சொல்லாமல் விடுவதெப்படி? உயர்ந்தவை இரண்டாயிரம் பவுண்டை நெருங்கின. எடுத்துப் பார்க்கத் தடையில்லையே, பார்த்தேன். நாணலின் நிழலுக்குள் ஒளிந்திருந்த வாத்தின் கண் கூடத் தெரிந்தது. வானத்தின் முன் பறந்த கரும்பறவையின் விளிம்பில், மலிவான கருவிகள் காட்டிய ஊதா நிறக் கசிவு இதில் இல்லை. அப்போது அருகில் நின்ற ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் நீட்டினார். நீருக்கு மேலே ஒரு விராலடிப்பான்! இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அற்றுப்போயிருந்த இப்பறவையை, 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளாகக் கொணர்ந்து விட்டு, 2001இல் இங்கே குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கழிந்ததும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிடுமாம். நம் கடலோரங்களுக்கும் குளிர்காலத்தில் இவ்வினம் வருவதுண்டு. மன்னார் வளைகுடாக்காரனாகிய நான் இங்கு வந்தா அதைப் பார்க்க வேண்டும்!

விலையுயர்ந்த கருவிக்கும் 240 பவுண்டுக் கருவிக்கும் வேறுபாடு உண்டு, இல்லையென்றால் பொய். ஆனால் அவ்வேறுபாடு காக்காவின் கண்ணுக்கு எட்டுமா? தயங்கித் தயங்கி விற்பனையாளரிடம் அவர் நிலையைச் சொன்னேன். நரைத்த மனிதர். கருவியைக் கீழே வைத்துவிட்டு, "வலக்கண் வளையத்தைத் திருப்பி இரு கண்ணின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்யலாம். புரையின் மூட்டத்தை எந்த வில்லையும் நீக்காது. இடக்கண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள்" என்றார். குறைந்த விலை 8x42ஐயே எடுத்துத் தந்தார்.

அன்றிரவு மகள் வீட்டுத் தோட்டத்தில், மேகம் விலகிய இடைவெளியில் துல்ஹஜ் மாதத்து அரைநிலாவை அதன் வழியே கண்டேன். சுவரில் சாய்ந்துகொண்டதால் கை ஆடவில்லை. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் நிழலோடு தெரிந்தன, சுப்ஹானல்லாஹ்! பிறை தேடவும் இதைக் கையிலெடுக்க நினைப்பீர்கள். கருவி கொண்டு காண்பதன் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஒன்றே. சூரியன் முழுவதும் மறையுமுன் பைனாகுலரை அத்திசைக்கு உயர்த்தவே கூடாது. நொடிப்பொழுதில் கண் பறிபோகும். பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லியே கொடுங்கள்.

கீழக்கரை வந்ததும் காக்கா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எட்டுதானா?" என்றார். மறுமொழி சொல்லாமல் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். வலப்பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு ஒரு வள்ளத்தைத் தெளிவாக்கச் சொன்னேன். வெகுநேரம் திருப்பினார். தெளியவில்லை. பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் வளையத்தைத் திருப்பச் சொன்னேன்.

"பாய்மரத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறான்" என்றார்.

மீண்டும் இடக்கண். மீண்டும் வலக்கண். வள்ளம் கரையேறும்வரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மஃரிபுக்கு பாங்கு சொன்னது. கருவியை உறையிலிட்டு என்னிடம் நீட்டியவர், படியிறங்கும்போது கேட்டார்: "மதுரைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்குத் தம்பி?"