நண்பனுக்காக ஒரு சுற்று

கண்டிக்கு வரும் பிரயாணிகள் பெரும்பாலும் பகல் வேளையிலேயே வாவியைப் பார்க்கிறார்கள். பஸ் வண்டிகளின் இரைச்சலும், கச்சான் விற்பவர்களின் கூவலும், மீனுக்குப் பொரி எறியும் குழந்தைகளின் ஆரவாரமும் நிறைந்த அந்நேரத்தில் வாவி ஊருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதன் உண்மையான அழகைக் காண விரும்புவோர் விடியுமுன் எழுந்து வரவேண்டும். காலை ஐந்தரை மணியளவில் தலதா மாளிகையில் முதற் பூசைக்கான மேளம் முழங்கும். அவ்வொலி பனிப்படலத்தினூடே நீர்மேல் தவழ்ந்து வந்து, தென்கரையிலுள்ள மல்வத்தை விகாரையைத் தொடும். கரையோரத்துப் பெருமரங்களில் இரவு தங்கிய நீர்க்காகங்களும் நாரைகளும் ஒவ்வொன்றாகச் சிறகை உதறும். வெண்டாமரை மொட்டுக்களை ஏந்திய பக்தர்கள் மாளிகையை நோக்கிச் செல்வர். அவர்களுக்கு இடையே, சப்பாத்தின் ஓசை மெல்லக் கேட்க, ஒரு சிலர் ஓடிக்கொண்டிருப்பர்.

அந்த ஒரு சிலரைப் பற்றியும், அவர்கள் ஓடும் பாதையைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னன் விட்டுச்சென்ற பாதை

இவ்வாவியை அமைத்தவன் கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்த இவனுக்கு இளமையில் இட்ட பெயர் கண்ணுசாமி. மாளிகையின் முன்னே வயல்களாய்க் கிடந்த பள்ளத்தை மறித்து அணை கட்டி, 1807 ஆம் ஆண்டில் அதை நீர்நிலை ஆக்கினான். பாற்கடல் என்று பொருள்படும் "கிரி முகுத" என்ற பெயரும் இதற்கு உண்டு. கரையைச் சுற்றி, மேகக் கூட்டம் போல அலையலையாய் வளைந்து செல்லும் மதில் ஒன்றை எழுப்பத் தொடங்கினான். அது முற்றுப்பெறவில்லை. 1815 இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட மன்னன், வேலூர்க் கோட்டையில் காவலிலிருந்து, 1832 இல் மறைந்தான். மதில் இன்றும் பாதியிலேயே நிற்கிறது. ஆயினும் அதைப் பார்ப்பவர் எவரும் அதனைக் குறையென்று சொல்வதில்லை.

வாவியை ஒருமுறை சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகும். குயின்ஸ் ஹோட்டல் மூலையிலிருந்து புறப்பட்டு, மாளிகையையும் அரசியர் நீராடிய பழைய மண்டபத்தையும் கடந்து கிழக்கே சென்றால், இடப்புறத்து மேட்டில் உடவத்தகெலே வனம் இருண்டு நிற்கும். நகரத்தின் நடுவிலே நூறு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு இருப்பது கண்டியின் பாக்கியம். கிழக்கு முனையில் திரும்பித் தென்கரை வழியே வரும்போது எதிரே மேற்குத் திசை விரியும். கதிரவன் முதுகுக்குப் பின்னால் எழ, பைரவகந்தைக் குன்றின் உச்சியிலுள்ள வெண்ணிறப் புத்தர் சிலையில் முதல் ஒளி படியும். அப்பால் போகம்பறை, அதன்பின் அணைக்கட்டு, மீண்டும் குயின்ஸ் மூலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு மீற்றர் உயரத்தில் அமைந்த ஊராதலால் காலைக் காற்றுக் குளிர்ந்திருக்கும். கண்டியில் மேடு பள்ளமற்ற பாதை கிடைப்பது அரிது. அத்தனை மலைகளின் மடியில், ஓடப் பழகுவோருக்கென்றே விரித்துவைத்தது போல இச்சமதளம் கிடக்கிறது.

காணச் செல்ல முடியாத காலம்

ஆசிரியத் தொழிலில் என்னோடு பல்லாண்டு பணியாற்றிய நண்பர் ஒருவர் இருக்கிறார். மாலை வேளைகளில் இவ்வாவிக் கரையில் நாங்கள் இருவரும் நடப்பது வழக்கம். திடீரென்று அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள் நோயுற்ற அணுக்களை அழிப்பதோடு, உடலைக் காக்கும் வெண்குருதி அணுக்களையும் குறைத்துவிடுகின்றன. அக்காலத்தில் சாதாரண தடிமன் கூட நோயாளிக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே பார்வையாளர் வருவதைத் தவிர்க்க வேண்டியதாயிற்று. பழமும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு நண்பரின் கட்டிலருகே சென்று அமரும் வாய்ப்பு எனக்கு இல்லாமற் போயிற்று.

வேறு என்ன செய்ய முடியும்? நாள்தோறும் வாவியைச் சுற்றி ஓடுவதென்றும், சில மாதங்களில் நகரில் நடக்கவிருந்த பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்தில் அவர் பெயரால் கலந்துகொள்வதென்றும் தீர்மானித்தேன். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் மாதக்கணக்கில் ஒருவர் நோயில் விழுந்தால், போக்குவரத்தும் போசாக்கான உணவும் உடனிருப்போரின் செலவும் ஒரு குடும்பத்தை அசைத்துவிடும். நான் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு என்று சக ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் பணம் தர இசைந்தார்கள்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "நீ எவ்வளவு வேகமாய் ஓடினாய் என்பது எனக்கு வேண்டாம். வழியில் எதைக் கண்டாய் என்று தினமும் சொல்லு, அது போதும்" என்றார்.

அன்று முதல் அது ஒரு நியமமாயிற்று. நண்பருக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே நான் உற்றுநோக்கத் தொடங்கினேன். மாசி மாதப் பனியில் வாவியின் நடுத்தீவு முற்றாக மறைந்துபோவதும், ஐப்பசி மழைக்குப் பின் நீர் செம்மண் நிறமாவதும், படிக்கட்டில் வெயில் காயும் கபரக்கொய்யா மனிதரைக் கண்டும் அசையாதிருப்பதும் எத்தனையோ ஆண்டுகளாக என் கண்முன் இருந்தவைதாம். அவற்றை நான் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய நிலை அப்பொழுதுதான் வந்தது. ஒருநாள் அடைமழை. குடையோடு ஒரு சுற்று நடந்துவிட்டு, "இன்று ஒன்றும் இல்லை, மழைதான்" என்றேன். "மழை எப்படி இருந்தது?" என்று கேட்டார் அவர். சன்னலில்லாத பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு மழையும் ஒரு செய்திதான்.

முதல்வர் மெதுவாக ஓடிய நாள்

நோயுற்ற நண்பருக்காக ஓடுவது உலகில் புதிய செயலன்று. அதற்குப் பேர்போன கதை ஒன்று நியூயோர்க் நகரில் நடந்தது.

ருமேனியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பிரெட் லெபோ என்பவர் நியூயோர்க் மரதன் ஓட்டத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1970 இல் நடந்த முதல் ஓட்டம் ஒரு பூங்காவையே திரும்பத் திரும்பச் சுற்றியது. பங்குபற்றியோர் 127 பேர். ஓடி முடித்தோர் 55 பேர். பின்னர் லெபோ அதனை நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தழுவும் பெருவிழாவாக வளர்த்தார். 1978 இல் அவருடைய அழைப்பின் பேரில், நோர்வே நாட்டு ஆசிரியையான கிறேட்டே வைட்ஸ் முதன்முறையாக மரதன் ஓட வந்தார்; அன்றே வென்றார். 1988 வரையில் அந்த ஓட்டத்தை ஒன்பது முறை வென்ற பெருமை அவருடையது.

1990 இல் லெபோவுக்கு மூளையிற் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்குப் பின், தமது அறுபதாம் வயதில், 1992 நவம்பர் முதலாந் திகதி, தாம் வளர்த்த அந்த ஓட்டத்தைத் தாமே ஓட முன்வந்தார். அவருக்குப் பக்கத்தில் வைட்ஸ் ஓடினார். இரண்டரை மணி நேரத்தில் 42 கிலோமீற்றரைக் கடந்து பழகிய கால்கள், அன்று ஐந்து மணி 32 நிமிடம் எடுத்துக்கொண்டன. இருவரும் ஒன்றாகவே எல்லையைத் தொட்டார்கள். அதற்கு ஈராண்டுக்குப் பின் லெபோ மறைந்தார். வைட்ஸையும் பிற்காலத்தில் புற்றுநோய் பற்றியது. 2011 இல் மறையுமுன், நோயாளிகள் வைத்தியசாலையிலேயே உடற்பயிற்சி செய்ய உதவும் நிறுவனம் ஒன்றை நோர்வேயில் அவர் தோற்றுவித்திருந்தார்.

வென்ற ஒன்பது ஓட்டங்களைவிட, மெதுவாக ஓடிய அந்த ஒன்றே வைட்ஸின் பெயரைக் கேட்கும்போது பலரின் நினைவுக்கு வருகிறது. பிறரை முந்துவதற்கு வலிமை வேண்டும். நண்பனின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்வதற்கு வலிமையோடு வேறொன்றும் வேண்டும்.

பாதியில் நின்றதும் முழுமையே

கனடா நாட்டு இளைஞரான டெரி பொக்ஸின் கதையை மாணவர்கள் அறிந்திருப்பர். எலும்புப் புற்றுநோயால் 1977 இல் வலது காலை இழந்த அவர், ஓராண்டுக்கு மேலாக விடாது பயிற்சி செய்து ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பழகினார். பின்பு 1980 ஏப்ரல் 12 ஆந் திகதி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காகத் தம் நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கத் தொடங்கினார். அவருடைய பள்ளித் தோழர் டக் ஆல்வர்ட் வண்டியோட்டியாய் உடன் சென்றார். ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒரு மரதன் தூரம். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 யூன் மாதம், 22 ஆம் வயதில், அவர் காலமானார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து உலகின் பல நாடுகளில் மக்கள் ஆண்டுதோறும் அவர் பெயரால் ஓடுகிறார்கள். கண்டி மன்னனின் மதிலைப் போல, முடிக்கப்படாமலே நிலைத்துவிட்ட காரியம் அது.

நமது நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. 2011 யூலை மாதத்தில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றரை ஒரு குழுவினர் 27 நாட்களில் நடந்து கடந்தனர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு அந்நடையாலே நிதி திரண்டது. 2016 இல் அதே தூரத்தை வடக்கிலிருந்து தெற்கே நடந்து, காலியில் உள்ள கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு உதவினர். தெற்கில் எடுத்துவைத்த அடி வடக்கிலுள்ள நோயாளிக்கும், வடக்கில் எடுத்துவைத்த அடி தெற்கிலுள்ள நோயாளிக்கும் மருந்தாயிற்று.

தொடங்க விரும்புவோருக்கு

ஓட்டம் இளைஞர்க்கே உரியதென்று எண்ண வேண்டியதில்லை. வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அல்லது 75 நிமிடமாவது கடுமையான உடலுழைப்பு, வளர்ந்தோருக்கு அவசியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. புதிதாய்த் தொடங்குவோர் இரண்டு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடக்கலாம். ஓடும்போதே பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிந்தால் அதுவே ஏற்ற வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் ஓடாது நடந்தால் முழங்காலும் கணுக்காலும் நன்றி சொல்லும். இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கலந்துகொள்வது நன்று. சமதளத்தில் பழகிய பின்னர் உடவத்தகெலே வனப்பாதைக்கும், அதன்பின் ஹந்தானை மலைச் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளுக்கும் ஏறலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மரநிழல் வீதிகளும் இதற்கு உகந்தவை.

போட்டி நாள் வந்தது. வாவியை மூன்று முறை சுற்றுவதற்குச் சமமான தூரம். பள்ளி மாணவர்கள் பலர் என்னைச் சிரித்தபடியே முந்திச் சென்றார்கள். ஒரு பாட்டியாரும் முந்தினார். ஓடி முடித்ததும் வழக்கம்போல் நண்பரை அழைத்து, கண்டதையெல்லாம் சொன்னேன். பாட்டியாரின் செய்திதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. திரண்ட தொகை பெரிதன்று. ஆயினும் சில மாதங்களுக்கு அக்குடும்பத்தின் வாகனச் செலவைத் தாங்கியது.

மருந்தின் கடைசிச் சுற்று முடிந்து அவர் வீடு திரும்பிய பின், வைத்தியர் அனுமதித்த ஒரு காலையில் இருவரும் வாவிக்கு வந்தோம். குயின்ஸ் மூலையிலிருந்து அரசியர் நீராடிய மண்டபம் வரை நடந்தோம். நான் ஓடினால் சில நிமிடத்தில் கடக்கும் தூரம் அது. அன்று அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று இடங்களில் அமர்ந்தோம். நோய் முற்றாக நீங்கிற்றா என்பதைச் சொல்ல இன்னும் சில ஆண்டுகள் பரிசோதனை தொடர வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். அதுவரையில் வாரத்துக்கு ஒரு கட்டைத் தூரம் கூட்டி நடப்பது என்று அவர் திட்டமிட்டிருக்கிறார். முழுச் சுற்றையும் அவர் நடந்து முடிக்க எத்தனை காலமாகும் என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

இதை வாசிக்கும் மாணவ மாணவியரே, உங்களுக்குத் தெரிந்தவர்களிலும் யாரேனும் ஒருவர் நோயிற் படுத்திருக்கக்கூடும். அவருக்காக ஓட வேண்டுமென்று தோன்றினால், பெரிய போட்டி வரும்வரை காத்திராதீர்கள். நாளைக் காலை ஒரு சிறு தூரம் ஓடுங்கள். வழியிற் கண்ட ஒன்றை அவருக்குச் சொல்லுங்கள். மறுநாளும் அவ்வாறே செய்யுங்கள். கண்டிக்கு வர நேர்ந்தால் ஐந்தரை மணிக்கு வாவிக் கரைக்கு வாருங்கள். மேளம் முழங்கும் அந்நேரத்தில், வடகரையோரமாக மிக மெதுவாக நடந்து செல்லும் இருவரைக் கண்டால், எங்களை முந்திச் செல்லத் தயங்க வேண்டாம்.