ஏட்டையாவின் சிட்டை

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் உரக்கடை வைத்திருந்த அவரை யாரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. ஏட்டையாதான். காக்கியைக் கழற்றி எத்தனையோ வருடம் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் போட்ட கடை. டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் அங்கே கணக்கெழுதப் போனேன்.

கரிசல் காட்டில் உரக்கடை என்றால் கடன்தான். புரட்டாசி, ஐப்பசியில் மானத்தைப் பார்த்து விதைக்கிறவர், உளுந்தும் பாசியும் வீடு வந்த பிறகு தை மாசியில்தான் கடைப்பக்கம் வருவார். மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. அதுவரை கடைக்காரர் கையில் இருப்பது சிட்டை மட்டும்.

ஏட்டையா சர்வீஸில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர். லத்தியைவிடப் பேனா பிடித்ததுதான் அதிகம். ஸ்டேஷனில் ஜி.டி. என்று ஒரு பொது நாட்குறிப்பு உண்டு. நேரம் போடாமல் அதில் ஒரு வரி எழுத முடியாது. அந்தப் பழக்கம் கடைக்கும் வந்துவிட்டது. ‘டி.ஏ.பி. 2 மூட்டை’ என்று நான் எழுதினால் நோட்டைத் திருப்பித் தள்ளுவார். “எத்தனை மணிக்கு? யாரு ஏத்துனது? எதுல போச்சு? அதையும் எழுதுங்க தம்பி.”

எனக்கு எரிச்சலாக வரும். ஒரு மாசியில் விளாத்திகுளம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, தான் வாங்கியது மூன்று மூட்டைதான், நாலு இல்லை என்று சண்டைக்கு நின்றார். ஏட்டையா குரலை உயர்த்தவில்லை. சிட்டையை விரித்து வாசித்தார்: சாயங்காலம் 5.20, தூறல், நாலாவது மூட்டை, தங்கச்சி மாப்பிள்ளை, டிவிஎஸ் எக்ஸ்எல், மேலே சாக்கு போட்டு மூடியது. பெரியவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “அந்தப் பய எங்கிட்டச் சொல்லவே இல்லயே ஏட்டையா” என்று சிரித்துவிட்டு, மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார்.

2018-இல் மானிய உரத்துக்கு ஆதார் ரேகை மிஷின் வந்தது. அதே வருடம் 50 கிலோ யூரியா மூட்டை 45 கிலோவாகவும் ஆனதால், இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு எங்களுக்குத்தான். களை வெட்டித் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. ஏட்டையா சம்சாரிகளைக் கை கழுவச் சொல்லி, துண்டால் துடைத்து, பெருவிரலைத் தானே பிடித்து மெல்ல அழுத்துவார். இதே வேலையை மை தடவி யார் யாருக்கெல்லாம் செய்திருப்பாரோ!

அவரை மகான் ஆக்க நான் எழுதவில்லை. மூட்டை தூக்கும் பையனை ஒருநாள் கடை வாசலிலேயே அறைந்தார். மறுவாரம் அவன் கூலியை உயர்த்தினாரே தவிர, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அது போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கமிஷன் கடைக்காரர் ஒருவர் பெரிய தொகை பாக்கி வைத்துவிட்டு இழுத்தடித்தார். பழைய சகா ஒருவர் அப்போது இன்ஸ்பெக்டர். “ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, ஸ்டேஷன்ல உக்கார வச்சா ராத்திரிக்குள்ள பணம் வந்துரும்” என்றார். நானும் மனசுக்குள் அதைத்தான் விரும்பினேன். ஏட்டையா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் போன பிறகு என்னிடம் சொன்னார்: “கொடுக்கல் வாங்கல் சிவில் விவகாரம். அப்படி உக்கார வச்ச ஆளுகளை நான் பாரா நிக்கும்போதே பாத்திருக்கேன். பணம் வரும். அப்புறம் ஒரு சம்சாரி நம்ம படி ஏற மாட்டான்.”

அதற்குப் பதிலாக அவர் செய்தது வேறு. கடன் பாக்கி மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். அது முடியும் முன்பே, மீதி இவ்வளவு என்று பேரேட்டில் எழுதி, தேதியோடு அந்த ஆளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அதை வைத்துத்தான் வழக்குப் போட்டார்.

இன்று சாத்தூரில் சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். என் நோட்டிலும் ஒவ்வொரு வரிக்கும் நேரம் உண்டு. பையன்கள் என்னைப் பார்த்து முனகுகிறார்கள்.

கமிஷன் கடைக்காரர் மேல் போட்ட அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. நடுவில் ஏட்டையா காலமாகிவிட, மகள் வாரிசாகச் சேர்ந்து நடத்தினார். தீர்ப்பு சாதகமாக வந்தது. அசல் முழுதும் வசூலாகிவிட்டது. வட்டி இன்னும் வரவில்லை.