முள்ளை மறக்காத மீன்

மீனுக்கு மூணு நொடிதான் ஞாபகம் என்று யாரோ கிளப்பிவிட்டதை நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் கண்மாய்க் கரையில் தக்கையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேற்றுக் கொத்திய இடத்தில் இன்று ஒன்றும் கொத்தாது. "அதுக்குப் புத்தி வந்துருச்சுடா" என்பார் மாமா. கிண்டல் என்றே நினைத்தேன்.

நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் 1970-இல் இதைத்தான் எழுதியிருக்கிறார். கெண்டைகளைத் தூண்டிலில் பிடித்துக் குளத்திலேயே திரும்ப விட்டார். ஒரு தடவை முள் குத்திய கெண்டை அப்புறம் லேசில் மாட்டவில்லை.

பைக் மீன் (வண்டி இல்லை, குளிர்நாட்டு ஏரிகளில் பதுங்கி வேட்டையாடும் நீள மீன்) விஷயத்தில் அவர் கண்டது இன்னும் சுவாரசியம். சுழன்று மின்னும் உலோகத் தகட்டில் சிக்கியது, பிறகு அந்தத் தகட்டைக் கண்டால் ஒதுங்கியது. உயிருள்ள சிறுமீனைக் கோத்துப் போட்டாலோ, மறுபடி வந்து கவ்வியது! பாவம், அன்றாடச் சாப்பாட்டையே சந்தேகப்பட்டால் பட்டினிதான்.

எல்லாமே படிப்பினை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் இல்லினாய்ஸில், ரிட்ஜ் ஏரியின் பாஸ் மீன்களைத் தலைமுறைகளாக வளர்த்துப் பார்த்தார்கள். எளிதில் மாட்டும் சுபாவம் குஞ்சுகளுக்கும் போயிருந்தது. மாட்டாத மீன் புத்திசாலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பிறவியிலேயே கூச்ச சுபாவியாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. நாங்கள் பிடித்த எதையும் திரும்ப விட்டதில்லை, எல்லாம் குழம்புக்குப் போனது. அப்புறம் புத்தி வந்தது எந்த மீனுக்கு? முள்ளில் குத்துப்பட்டு நழுவியவற்றுக்குத்தான் இருக்கும். என் கணக்கில் அவைதான் அதிகம்.