ரெய்னியர்: பனியும் களிமண்ணும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். ரெய்னியர் எரிமலையின் உயரம் 4,392 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அந்த நாட்டில் இவ்வளவு பனி சுமக்கும் மலை வேறு கிடையாது.

அடியில் நடப்பது: ஹுவான் டி ஃபூகா என்ற சிறிய கடலடித் தட்டு வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. ஆழம் போகப் போக அதிலுள்ள நீர் பிரிந்து மேலேறி, சூடான பாறையை உருக வைக்கிறது. ரெய்னியர் உட்பட காஸ்கேட் தொடரின் எரிமலைகளுக்கு மூலம் இதுதான்.

1870-இல் உச்சியேறிய ஹசார்ட் ஸ்டீவன்ஸும் ஃபிலமன் வான் டிரம்பும் இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. நீராவி குடைந்த பனிக்குகை ஒன்றில் ஒண்டிக்கொண்டார்கள். ஒரு பக்கம் ஆவி சுட, மறு பக்கம் குளிர் வாட்ட, விடியும்வரை உயிரைக் கையில் பிடித்திருந்தார்கள்.

அன்று அவர்களைக் காப்பாற்றிய வெப்பமே மலையைத் தின்கிறது. கந்தகம் கலந்த அமில வெந்நீர் இடுக்குகளில் ஓடி ஓடி, கெட்டிப் பாறையைக் களிமண்ணாக்கிவிடுகிறது. மேற்குச் சரிவு இப்படித்தான் நலிந்திருக்கிறது. வெளியே வெள்ளைவெளேரென்ற கம்பீரம்; உள்ளே செல்லரித்த உத்தரம்.

சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு வெடிப்பின்போது உச்சியே சரிந்தது. சேறாகப் பாய்ந்த அதற்கு ஒசியோலா சேற்றுப் பெருக்கு என்று பெயர். பியூஜெட் சவுண்ட் கடல்வரை போய்ச் சேர்ந்தது. எனக்கு அதைவிடக் கலக்கம் தருவது சுமார் 500 ஆண்டுகளுக்கு முந்தைய எலெக்ட்ரான் பெருக்கு. வெடிப்பு நடந்த தடயமே இல்லை. நலிந்த சரிவு தானாகப் பெயர்ந்து, சேறாகிப் பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கிறது.

அந்தச் சேற்றின் மேல்தான் இன்று ஆர்டிங் ஊர் இருக்கிறது. வீடு கட்டத் தோண்டும்போது, அன்று புதைந்த காட்டின் பெரிய மரங்களுடைய அடிக்கட்டைகள் தட்டுப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு மேட்டுநிலம் நோக்கி நடக்கும் ஒத்திகை உண்டு.

ரெய்னியரில் நடுக்கங்களும் உண்டு. 2025 ஜூலை 8 அதிகாலை தொடங்கி நூற்றுக்கணக்கில் சிறு அதிர்வுகள். 2009-இல் வந்த அதிர்வுத் தொகுப்பையும் இது மிஞ்சியது. ஆனாலும் எரிமலையின் எச்சரிக்கை நிலை இயல்பைக் குறிக்கும் பச்சையிலேயே இருந்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பாறைக்குழம்பு மேலேறினால் நிலம் உப்பும், வாயு கூடும். எண்ணிக்கையை மட்டும் வைத்து ஊரைக் கிளப்பக் கூடாது.

பனியும் நடுங்குகிறது! பனியாறு அடிப்பாறையில் ஒட்டி, விடுபட்டு, வழுக்கும்போது கருவியில் சிறு நடுக்கமாகப் பதிவாகிறது. 2002 முதல் 2011 வரையிலான பதிவுகளில் இப்படி 1,50,000-க்கும் மேல். புதுப்பனி விழுந்து பாரம் ஏறியதும் கூடுகிறது. எது பனியின் சத்தம், எது எரிமலையின் சத்தம் என்று பிரிப்பதே அங்கே பெரும்பாடு.

பனி சுமக்கும் எரிமலை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1985 நவம்பர் 13, கொலம்பியா. நெவாடோ டெல் ரூயிஸ் வெடிப்பு சிறியதுதான். உருகிய பனி சேறாக இறங்கி அர்மேரோ நகரை மூடியது. 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆபத்து வரைபடம் முன்பே தயாராக இருந்தது. மக்களைத்தான் உரிய நேரத்தில் வெளியேற்றவில்லை.

ரெய்னியரின் பள்ளத்தாக்குகளில் சேற்றின் அதிர்வை உணரும் கருவிகள் 1990-களின் இறுதியிலிருந்து இருக்கின்றன. கருவி கூவியபின் ஆர்டிங்குக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.