உள்ளங்கையில் ஒரு முகம்

எங்கள் வீட்டுச் சுவரில் எவருடைய படமும் மாட்டியதில்லை. வாப்பா வஃபாத்தான பின், ஹஜ்ஜுக்காக எடுத்த அவருடைய பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் வைக்க வேண்டுமென்று லாத்தா கேட்டார். உம்மா மறுத்துவிட்டார். உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் வீட்டில் சில நாள் பேச்சுக் குறைந்தது.

அந்நாட்களில்தான் நூலொன்றில் ஆற்காடு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் சிற்றோவியத்தைக் கண்டோம். வரைந்தவர் ஜான் ஸ்மார்ட் என்னும் ஆங்கிலேயர். 1785 முதல் 1795 வரை சென்னையில் வாழ்ந்து, நவாபையும் அவர் மைந்தர்களையும் யானைத் தந்தத்தில் தீட்டியவர். தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் பொறித்து, இந்தியாவைக் குறிக்க 'ஐ' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்ப்பார். அவர் சென்னையை நீங்கிய அதே 1795-இல் நவாபும் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் எழுந்ததும் அவ்வாண்டே. அங்கே எத்தனையோ ஜும்ஆ தொழுதிருக்கிறோம். அந்தப் பெயருக்குரிய முகத்தை அன்றுதான் பார்த்தோம்.

தந்தத்தில் வரைவது எளிதன்று. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகச் சீவ வேண்டும். வழவழப்பான அதன்மேல் நீர்வண்ணம் நில்லாது வழுக்கும். ஆகவே நுரைக்கல் பொடியால் தேய்த்து எண்ணெய்ப் பசையை அகற்றுவர். தூரிகையில் ஈரம் மிகுந்தால் முன்னிட்ட வண்ணமும் கரைந்து வந்துவிடும். எனவே நுண்ணிய புள்ளிகளாலும் கோடுகளாலுமே முகம் உருவாகும். கன்னத்தில் வண்ணத்தை மெலிதாக விடுவர். அடியிலுள்ள தந்தமே தோலின் ஒளியாகும். ஒரே தந்தத்திலிருந்து பல தகடுகள் கிடைக்கும் என்பர். ஆயினும் அது யானையின் தந்தமல்லவா! இந்திய யானைத் தந்த வணிகத்தை 1986-இல் சட்டம் தடுத்தது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

எங்களைத் தொட்டது வேறொன்று. இவற்றில் பல, சுவருக்காக வரையப்பட்டவை அல்ல. கடல் கடந்து பிரிந்தோர் மூடியுள்ள சிறு பேழையிலோ கழுத்துப் பதக்கத்திலோ வைத்து, வேண்டியபோது தனியே திறந்து பார்த்தவை.

இதை உம்மாவிடம் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் அலமாரியைத் திறந்தார். தஸ்பீஹ் பெட்டியின் அருகே, வெள்ளைத் துணியில் மடித்த சிறு உறை. உள்ளே வாப்பாவின் அதே பாஸ்போர்ட் படம்; ஓரங்கள் விரல் பட்டுத் தேய்ந்திருந்தன.

இப்போது லாத்தா ஊருக்கு வரும்போதெல்லாம் உம்மாவிடம் அலமாரிச் சாவியைக் கேட்கிறார்.