இடக்கைக் கையொப்பம்

2022இல் ஒருநாள், தேர்ச்சி அறிக்கையில் தந்தையின் கையொப்பம் கோணலாக இருக்கக் கண்டு, "நீயே போட்டாயா?" என்று ஒரு மாணவனைக் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

மறுநாள் தந்தையே வந்தார். துவாஸில் கப்பல் பட்டறைத் தொழிலாளி. வலக்கையில் கட்டு.

"பாரந்தூக்கியில் தொங்கிய இரும்புத் தகடு ஆடியது, டீச்சர். கையால் பிடித்து நிறுத்தப் போனேன். பிடி நழுவித் தகடு விழுந்துவிட்டது. கீழே இருந்த கட்டையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. இடக்கையால்தான் கையெழுத்துப் போட்டேன். என் கவனக்குறைவுதானே, இழப்பீடு எப்படிக் கேட்பது?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, யார் தவறு என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. விபத்து நடந்த ஓராண்டுக்குள் மனிதவள அமைச்சிடம் கோரலாம்.

பிறகு வகுப்பறைக்குச் சென்று, எல்லார் முன்னிலையிலும் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெற்றோர்களே, தொங்கும் சுமையைக் கயிறு கட்டித் தள்ளிநின்றே வழிநடத்துங்கள். கையால் தொடாதீர்கள், அதன்கீழ் நிற்காதீர்கள். காயம் சிறிதாயினும் மேற்பார்வையாளரிடம் அன்றே தெரிவியுங்கள். ஆசிரியர்களே, கோணல் கையொப்பத்தைக் கண்டால் முதலில் காரணம் கேளுங்கள்.