பாட்டி எழுதாமல் விட்டது

பரம்பரைச் சொத்து என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பாட்டியின் காசுமாலை, தாத்தாவின் ஊஞ்சல் பலகை, ஊரில் கொஞ்சம் நிலம் - இவைதானே? எங்கள் குடும்பத்திலும் ஒரு சொத்து உண்டு. அதை யாரும் உயிலில் எழுதவில்லை. அதற்காகப் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போகவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே 2021-ஆம் ஆண்டு வரை எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு வயது 34. ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கொண்டைக்கடலை அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று சும்மா இருந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதும் பத்திரிகைக்காரியின் லட்சணம் இது! இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது, புற்றுநோய் என்றார்கள்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று கேட்டார் டாக்டரம்மாள். அம்மா வழியில் யாருக்கும் இல்லை என்றேன். "அப்பா வழியில்?"

"அங்கேயும் இல்லை" என்றேன் பளிச்சென்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா வாய் திறக்கவில்லை. கையிலிருந்த குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அன்று இரவு மொட்டை மாடியில் வைத்துச் சொன்னார். அப்பாவுக்கு இரண்டு அக்காமார். பெரிய அத்தை 1978-ல் விஷ ஜுரத்தில் போனாள், சின்ன அத்தை 1990-ல் வயிற்று உபாதையில் போனாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் பொய். இருவரையும் கொண்டு போனது மார்பில் வந்த புற்றுநோய். பெரியவளுக்கு 38 வயது, சின்னவளுக்கு 36.

"அடுத்தவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். வெளியே தெரிந்தால் யார் வருவார்கள் என்று அம்மா வாயைக் கட்டிவிட்டாள்" என்றார் அப்பா. "பிறகு அதுவே பழகிவிட்டது, அம்மா."

பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்று மனத்தில் உறுத்துகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை மூடி வைக்கவில்லை. ஊரறியச் சொன்னார், நிதி திரட்டினார், 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. எங்கள் பாட்டி குடியிருந்ததும் அதே சென்னையில்தான்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. மருந்து ஏற ஏற, தலைமயிர் சீப்போடு வந்தது. அத்தைகளின் கதையைக் கேட்ட டாக்டரம்மாள், என் ரத்தத்தை ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார். பி.ஆர்.சி.ஏ.1 என்ற ஜீனில் கோளாறு என்று முடிவு வந்தது.

இது என்ன? இந்த ஜீன் நம் எல்லோரிடமும் உண்டு. உடம்பின் உயிரணுக்களுக்குள் ஏற்படும் பழுதைச் சரிபார்ப்பது அதன் வேலை. அதுவே பழுதானால் புற்றுநோய்க்கு வழி திறந்துவிடுகிறது. இது 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் காட்டியது 1990-ல். எங்கள் சின்ன அத்தை கண்ணை மூடிய அதே வருஷம்! இந்தக் கோளாறு உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு, 80 வயதுக்குள் மார்பில் புற்றுநோய் வரக்கூடும். சினைப்பையிலும் வரலாம்.

இதில் பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. தாய் வழியாக வருவது போலவே தகப்பன் வழியாகவும் இது வரும். அப்பாவுக்கும் பரிசோதனை செய்தார்கள், இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு தலைவலிகூட இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் போய்ச் சேர்வது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போலத்தான்.

என் காசு தலையாக விழுந்துவிட்டது. தங்கையின் காசு?

அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "முகூர்த்தம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டியின் குரல் அப்படியே திரும்பி வந்துவிட்டதே! அன்றே தங்கையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகு நேரம் அழுதாள். மறுநாள் ரத்தம் கொடுத்தாள். பிள்ளை வீட்டாரிடமும் அவளே போய்ச் சொன்னாள்.

ஒரு வாரத்தில் அவர்களிடமிருந்து பதில் வந்தது. ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், பொருத்தம் போதவில்லையாம்.

மூன்றாவது வாரம் பரிசோதனை முடிவும் வந்தது. தங்கைக்கு அந்தக் கோளாறு இல்லை!

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மூன்று வாரம் பேசாமல் இருந்திருந்தால் கல்யாணம் நடந்திருக்குமே!"

"மூன்று வாரம் காத்திருக்க மாட்டாதவர்கள், நாளைக்கு எனக்கு மூன்று நாள் ஜுரம் வந்தால் காத்திருப்பார்களா, அப்பா?" என்றாள் தங்கை. அப்படிக் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது.

சகோதரிகளே, உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மார்புப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் இப்படிப் பரம்பரையாக வருவது. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்குள் வந்திருந்தாலும், இரண்டு மார்பிலும் வந்திருந்தாலும், சினைப்பையில் வந்திருந்தாலும், ஆண் ஒருவருக்கு மார்பில் வந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஜீன் கோளாறு உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. பார்க்கச் சொல்கிறார்கள். என் அத்தைகளுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

எங்கள் வீட்டில் பாட்டியின் பழைய கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. பிறந்தவர்களின் நட்சத்திரமும் இறந்தவர்களின் திதியும் அதில் உண்டு. போன வருஷம் பெரிய அத்தையின் திதியன்று அப்பா அதை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு அக்காமாரின் பெயருக்கு எதிரேயும் வயதைப் போட்டு, 'மார்பில் புற்றுநோய்' என்று நிதானமாக எழுதினார். பிறகு என் பெயரைக் காட்டி, "எழுதலாமா, அம்மா?" என்று கேட்டார்.

"எழுதுங்கள், அப்பா" என்றேன். பத்து வயதாகும் என் மகள் பெரியவளாகி அந்த நோட்டைப் படிக்க வேண்டும் அல்லவா?

உங்கள் வீட்டு அத்தைகளும் சித்திகளும் எதனால் போனார்கள்? இன்று இரவு, சாப்பாடு ஆன பிறகு, பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்களேன்!